ஊற்றாத உப்பு

கண்டியில் மழை பெய்யாத நாளிலும் காற்று ஈரமாகத்தான் இருக்கும். துவைத்துப் போட்ட சேலை இரண்டு நாளானாலும் காயாது. அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தீப்பெட்டி நமுத்துப்போய், ஒரு விளக்கேற்றப் பத்துக் குச்சி செலவாகும். இப்படிப்பட்ட காற்றில் லித்தியம் குளோரைட் என்ற உப்பைக் காப்பாற்றி வைப்பது லேசுப்பட்ட காரியமா? 1936ஆம் ஆண்டு, பேராதனைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில், அந்தக் காரியம் ஐரினின் தலையில் இருந்தது.

பார்வைக்கு அது கறியுப்பு மாதிரித்தான் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து வைத்து ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் மேலே வியர்த்துவிடும். முழுச் செபமாலையும் சொல்லி முடித்தால் அங்கே உப்பு இராது, பாகுதான் இருக்கும். அதனால் இறுக்கமான கண்ணாடி அடைப்பான் போட்ட போத்தல், அடைப்பானைச் சுற்றி மெழுகு, போத்தலை வைக்க ஒரு கனத்த உலர்ச்சாடி, சாடியின் அடியில் ஈரம் குடிக்கச் சுட்ட சுண்ணாம்புக் கட்டி என்று ஒரு ராசகுமாரிக்குச் செய்கிற உபசாரமெல்லாம் அதற்குச் செய்யவேண்டும். நிறுக்கும்போது யன்னலைச் சாத்தி, மூச்சையும் வேறு பக்கம் பார்த்து விடுவாள் ஐரின்.

இத்தனை பாடும் எதற்கென்றால், தேயிலைச் செடிக்காக. ஆய்வுகூடத்து அதிகாரி யான்ஸ் ஐயா ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், பயந்த சுபாவம், நல்ல மனிதர். செடியின் வேரடியில் இந்த உப்பைக் கரைத்து ஊற்றுவார். தண்ணீர் செடிக்குள் எங்கே ஏறுகிறதோ அங்கேயெல்லாம் உப்பும் கூடவே ஏறும். பிறகு ஐரின் ஒவ்வொரு உயரத்திலும் இலை கிள்ளி, எரித்துச் சாம்பலாக்கி, அதைப் பிளாட்டினம் கம்பியில் தொட்டுச் சுவாலையில் காட்டுவாள். லித்தியம் இருந்தால் சுவாலை குங்குமச் சிவப்பாகும். கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சமாக இருந்தாலும், நிறங்களைப் பிரித்துக் காட்டும் சின்னக் குழாய் ஒன்றை வைத்துப் பார்த்தால் சிவப்புக் கோடு ஒன்று கூர்மையாகத் தெரியும். சோடியம் காட்டும் மஞ்சள் கோடு எப்போதும் தெரியும், ஏனென்றால் கறியுப்பு ஆளின் வியர்வையிலும் இருக்கிறது. லித்தியம் அப்படி எங்கும் கிடக்கிற சாமான் இல்லை. அதுதான் அதன் பெருமை.

ஐரினுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உப்பு ஊற்றிய செடியைப் பார்க்கும் முன்னால் ஊற்றாத செடியைப் பார்த்துவிடுவாள். "வெறுஞ்செடியில் ஒன்றும் இல்லையென்று தெரிந்தால்தானே ஐயா, மற்றதில் இருப்பது நாம் ஊற்றியது என்று சொல்லலாம்?" என்று அவள் கேட்டதைக் கேட்டுத்தான் யான்ஸ் ஐயா போத்தல் கழுவிக்கொண்டிருந்தவளைச் சுவாலைக்கு முன்னால் உட்கார வைத்தார். வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் தபால் பை சுமந்த அந்தோனிமுத்துவின் இளைய மகள் அவள். கன்னியர் மடத்தில் இங்கிலீசு படித்தவள். ஆய்வுகூடத்துக்கு வருகிற துரைமார் அவளைக் கூட்டுகிறவள் என்று நினைத்து "ஏய்" என்று கூப்பிட்டால், உப்பு நிறுக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வெளியே நிறுத்திவைப்பாள். அப்படி ஒரு நெஞ்சழுத்தம்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கட்டுக்கலையில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு அக்கா கிறேஸ் வந்து நின்றாள். வத்தேகமயில் ரயிலேறி வந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒன் மச்சானுக்குப் பத்துச்சீட்டு குடுத்துட்டாங்கடி. ஒரு மாசத்துல காம்பராவக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போ என்று அர்த்தம், குடியிருக்கும் காம்பரா அறையும் போய்விடும். கிறேஸின் புருசன் யாகப்பர் பத்து வருடம் ஊசிக்கல் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். வாய் பேசாத மனிதர்.

"மச்சான் என்னக்கா பண்ணுனாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. நாந்தான் வாயத் தொறந்தேன். காலையில பெரட்டுக்களத்துல பேர் கூப்புடுறப்ப எல்லாருக்கும் முன்னால, பீலித் தண்ணியில பங்களாக் கக்கூஸ் வாட அடிக்குதுன்னு சொன்னேன்."

கதை இதுதான். போன வருடத் தொடக்கத்தில் தோட்டத்துத் துரைக்குக் குடல்காய்ச்சல் வந்து, நுவரெலியாவில் இரண்டு மாதம் கிடந்து பிழைத்து வந்தார். அவர் வந்த கையோடு பங்களாவுக்குப் புதுசாகத் தண்ணீர்க் கக்கூஸ் கட்டி, பின்சரிவில் குழி வெட்டினார்கள். அந்தச் சரிவுக்கு நேர் கீழே, பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுத்தான் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் பீலி. ஐப்பசி மழையோடு கீழ் லயத்தில் அதே குடல்காய்ச்சல் தொடங்கியது. நான்கு பேரைப் புதைத்தார்கள். நாலாவது, கிறேஸின் ஒரே பிள்ளை பெற்றீசியா. ஒன்பது வயது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தன் பேரேட்டில் நான்கு பெயருக்கும் நேரே ஒரே காரணத்தை எழுதி வைத்தார்: லயத்துச் சனங்களின் அசுத்தப் பழக்கம்.

"எம்புள்ளைய நான் அசுத்தமாவா வச்சிருந்தேன்?" கிறேஸ் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. "ஞாயித்துக்கிழமைக்குன்னா தலை முழுக்காம இருப்பாளா? நகத்துல அழுக்கு இருந்தா எனக்கு முன்னால அவளே வெட்டிக்குவா. அதப் போயி பேரேட்டுல எழுதிட்டான். நான் கேட்டா தொர சொல்றாரு, 'பீலி தண்ணி கல்லுல இருந்து வாறது. நம்பர் ஒன் தண்ணி. நீ பொய் பேசுறது'ன்னு. மறுநாளே சீட்டு."

ஐரினுக்குக் காது மடல்கள் சுட்டன. பெற்றீசியாவுக்குச் சிவப்பு நாடா வாங்கிக்கொடுத்தது அவள்தான்.

"அந்தக் குழித் தண்ணி பீலிக்கு வருதுன்னு கண்ணால காட்ட முடியுமாடி? நீ என்னமோ செடிக்குள்ள தண்ணி போறதையே பாக்குறியாமே."

"முடியும்க்கா" என்றாள் ஐரின். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். செடி என்ன, மலை என்ன, தண்ணீர் போகிற வழிதானே?

உப்புக்கும் வழி இருந்தது. இயேசு பாலன் பிறப்பு விடுமுறையில் ஒரு போத்தலின் மெழுகு வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் பாகாகிக் கிடந்தது. அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நிறுத்துச் செய்கிற வேலைக்கு உதவாது என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆனால் லித்தியம் எங்கே போய்விட்டது? அத்தனையும் அந்தப் பாகுக்குள்தான் இருந்தது. கழித்த போத்தலை யாரும் தவறிப்போய் எடுத்துப் பாவிக்காமல் இருக்க, அடைப்பானின் மேல் ஒரு காகிதப் பட்டி ஒட்டி அதிகாரி தேதியோடு கையெழுத்துப் போடுவது வழக்கம். பட்டியைக் கிழித்தால் அன்றைக்கே ஊற்றிவிடவேண்டும்.

யான்ஸ் ஐயா கையெழுத்துப் போட்டார்.

"இதை எங்கே ஊற்றட்டும் ஐயா?"

"எங்கே வேண்டுமானாலும் ஊற்று, ஐரின்."

"எங்கே வேண்டுமானாலுமா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவளை அவருக்குத் தெரியாதா? "நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊற்றுவதற்கு ஆளும் கிடைத்தது. கிறேஸின் பக்கத்துக் காம்பரா வடிவம்மாதான் பங்களா கக்கூஸைக் கழுவுகிறவள். விசயத்தைக் கேட்டதும், "தொர தெனமும் ஊத்துறாரு, நான் ஒருநாள் ஊத்துனா கொறஞ்சா போச்சு?" என்றாள். ஊற்றுகிற நாளிலிருந்து யாரும் பீலித் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது, ஒரு மைல் நடந்தாலும் பங்களாவுக்கு மேலே ஓடும் மேலோடைக்குத்தான் போகவேண்டும் என்று ஐரின் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். அந்த உப்பு கொஞ்சம் உடம்புக்குள் போனால் ஆளைக் கொல்லாது. ஆனாலும் துரை செய்கிற வேலையைத் தானும் செய்யக்கூடாது என்று அவள் நினைத்தாள்.

ஆனால் முதலில் வெறுந்தண்ணீர். பழக்கத்தை விடமுடியுமா? ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரயிலேறி, தோட்டத்துக்குப் போய், பீலியில் தானே ஒரு போத்தல் பிடித்து வந்தாள். திங்கட்கிழமை அதைக் காய்ச்சி ஒரு கரண்டியளவாக வற்றவைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, கம்பியைத் தோய்த்துச் சுவாலையில் காட்டினாள். குழாயில் கண்ணை வைத்தாள்.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால், தலைமயிர் மாதிரி மெல்லியதாக, சிவப்புக் கோடு.

கம்பியை அமிலத்தில் கழுவிச் சுட்டாள். வாலை வடித்த தண்ணீரைக் காட்டினாள், ஒன்றுமில்லை. மறுபடி பீலித் தண்ணீரைக் காட்டினாள். சிவப்புக் கோடு. போத்தல் உப்பில் ஒரு சொட்டும் இன்னும் வெளியே போகவில்லை. பட்டி ஒட்டியபடியே அலுமாரிக்குள் இருக்கிறது. ஊற்றும் முன்பே சிவப்பென்றால், ஊற்றியபின் வரும் சிவப்பை எவன் நம்புவான்? ஐரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. புகையிலை! புகையிலைச் சாம்பலில் லித்தியம் கொஞ்சம் உண்டென்று யான்ஸ் ஐயாவே சொல்லியிருக்கிறார். மலையில் ஏறுகிற யார்தான் அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீர் பூசாமல் போவார்கள்? அவளும் சின்ன வயதுப் பழக்கத்தில், அக்கா எடுத்துக்கொடுத்த புகையிலைத் தண்ணீரை முழங்கால்வரைக்கும் பூசிக்கொண்டு, அதே கையோடு போய்ப் பீலியில் போத்தலைப் பிடித்தாள். ஆய்வுகூடத்தில் மூச்சைக்கூட அடக்குகிறவள், தோட்டத்துக்குப் போனதும் தோட்டத்துப் பெண்ணாகிவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த ஞாயிறு புகையிலை பூசாத வெறுங்காலோடு போனாள். அக்காவும் வடிவம்மாவும் கத்தினார்கள். "கெறுக்கு புடிச்சவளே, பூசிட்டுப் போடி!" அவள் கேட்கவில்லை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கையைத் தேய்த்துவிட்டு, பீலியில் ஒரு போத்தலும் மேலோடையில் ஒரு போத்தலும் பிடித்தாள். திரும்பி வரும்போது காலில் பதினொரு அட்டை. இரத்தம் குதிக்கால்வரை வழிந்தது. அதைத் துடைக்காமல் போத்தல்களைத்தான் முதலில் துணியில் சுற்றி வைத்தாள்.

திங்கட்கிழமை பார்த்தாள். மேலோடைத் தண்ணீரில் சிவப்பு இல்லை. பீலியில் அதே கோடு.

என்ன சனியன் இது? எங்கும் கிடைக்காது என்று அவள் பெருமையாக நினைத்த சாமான் கேட்காமல் கொள்ளாமல் வந்து பீலிக்குள் உட்கார்ந்திருந்தது. வாரம் முழுக்க யோசித்தாள். மூன்றாவது ஞாயிறு, தோற்றுப்போனேன் என்று அக்காவிடம் சொல்வதற்காகவே தோட்டத்துக்குப் போனாள்.

கிறேஸ் காம்பரா வாசலில் உட்கார்ந்து, பொழுதோடு குப்பி லாம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்தோனியார் படத்துக்கு முன்னால் இருக்கும் லாம்பு அது. தகரமூடியில் ஓட்டை போட்டுத் திரியிறக்கிய சின்ன நீலப் போத்தல். காகிதம் உரிந்துபோனாலும் கண்ணாடியிலேயே எழுத்துப் புடைத்திருந்தது. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்கத் தெரியாத ஐரின் அதை வாசித்தாள். வாசித்துவிட்டுப் பிடுங்கினாள். எண்ணெய் சேலையில் கொட்டியது.

"இது ஏதுக்கா?"

"பங்களா குப்பிதான். சமையக்கார அழகையாண்ணன் வெறுங்குப்பிய எல்லாருக்கும் குடுப்பாரு. லயத்துல எல்லாக் காம்பராவுலயும் இதுதான் லாம்பு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"தொர கால் வீக்கத்துக்குத் திங்கிற மாத்திரை. தண்ணியில போட்டா நொர பொங்குமாம். தெனமும் மூணு வேள குடிக்கிறாராம்."

புடைத்திருந்த எழுத்து: லித்தியா. துரைமாருக்குக் கால் பெருவிரல் வீங்கி நோகிற வாதத்துக்குக் கண்டிக் கடைகளில் விற்கிற மாத்திரை. அதில் இருப்பது இதே லித்தியத்தின் இன்னொரு உப்பு. அது உடம்பில் தங்காது. மூன்று வேளை உள்ளே போனால் மூன்று வேளையும் வெளியே வரும்.

ஐரின் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று மாதமாகச் சிரிப்புச் சத்தமே கேட்காத காம்பரா அது. கிறேஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள செத்த வீட்டுல என்னடி சிரிப்பு?"

"நாம ஊத்த வேண்டியதே இல்லக்கா. தொர ஒரு வருசமா ஊத்திக்கிட்டு இருக்காரு."

சொன்னாள். மாத்திரை, துரை, கக்கூஸ், குழி, பாறை, பீலி என்று வரிசையாகச் சொன்னாள். கிறேஸ் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்து லயத்துக் கோடிக்குப் போய்க் குடல் பிடுங்க வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து நின்றபோது அவள் முகம் மாறியிருந்தது.

"எம்புள்ள அதத்தான் குடிச்சாளா?"

ஐரின் குப்பியிலிருந்த மிச்ச எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு அதைத் துணியில் சுற்றினாள்.

"சரி. யாருகிட்டப் போகணும் சொல்லு" என்றாள் கிறேஸ்.

மறுநாள் காலை ஐரின் கண்டியில் சுகாதார டாக்டரின் கந்தோருக்குப் போய் நின்றாள். டாக்டர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். நீலக் குப்பியை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் சொல்லுறது விளங்குது. ஆனால் ஒரு துரையைப் பற்றி உப்பிடி எழுதிறதெண்டால் நான் என்ரை கண்ணாலை பாக்க வேணும்."

"வந்து பாருங்க டாக்டர். தண்ணிய நீங்களே எடுங்க. நான் தொடவே மாட்டேன்."

அவர் நாட்குறிப்பைப் புரட்டினார். "ஓம், வியாழக்கிழமை வாறன்."

நிறம் பிரிக்கிற குழாய்க்கு என்ன செய்வது? ஆய்வுகூடத்துச் சாமானை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. ஐரின் அதை யான்ஸ் ஐயாவிடம் நேரே கேட்டாள். அவர் தன் மேசை லாச்சியைத் திறந்து, விரல் நீளப் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். "இது ஆய்வுகூடத்தினுடையது அல்ல. என் சொந்தம்" என்றார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார் அந்தப் பயந்த மனிதர். ஐரினுக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கடைசிவரை போகவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் தன் கையாலேயே மூன்று போத்தல் பிடித்தார். மேலோடையில் ஒன்று, பீலியில் ஒன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பங்களாக் குழியில் ஒன்று. மூன்றையும் டிஸ்பென்சரியின் அடுப்பில் தன் கண்முன்னால் வற்றவைத்தார். பத்து மணிக்குத் தோட்டத்துக் கந்தோரில் கூடினார்கள். துரை கதிரையில் சாய்ந்து, துணி சுற்றிய வலது காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். யன்னலைச் சாத்தச் சொன்னாள் ஐரின். வெளியே யாகப்பரும் வடிவம்மாவும் பாதி லயமும் கதவிடுக்கில் நின்றார்கள். கொழுந்தெடுக்கப் போகாமல் நின்றார்கள் என்பதை எழுதி வைக்கவேண்டும். கங்காணி இரண்டு தரம் விரட்டியும் யாரும் அசையவில்லை.

ஐரின் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினாள். மேலோடை. டாக்டர் குழாயில் பார்த்தார். "மஞ்சள் மாத்திரம்." பீலி. அவர் நெடுநேரம் பார்த்தார். "சிவப்புக் கோடொண்டு கிடக்கு." குழி. குழாயே தேவைப்படவில்லை. சுவாலை பற்றிக்கொண்ட மாதிரிச் சிவந்தது. கதவிடுக்கில் நின்றவர்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

துரை கைத்தடியால் தரையைக் குத்தினார். "இது எல்லாம் பொய்! அந்த உப்பு இந்தப் பொம்பளை வேலை செய்யிற எடத்துல இருக்கு. இவ களவா கொண்டுவந்து ஊத்துனது!"

இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள் ஐரின். பையிலிருந்து பாகுப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெடித்த மெழுகுக்கு மேல் ஒட்டிய காகிதப் பட்டி கிழியாமல், யான்ஸ் ஐயாவின் கையெழுத்தோடும் தேதியோடும் இருந்தது.

"ஊத்தத்தான் எடுத்து வச்சேன், பொய் சொல்லல. ஆனா ஒரு துளி ஊத்தல. ஆய்வுகூடத்துல இருக்கிற மத்தப் போத்தலெல்லாம் தோலாக் கணக்கு சரியா இருக்குன்னு இதோ அதிகாரி கையெழுத்துப் போட்ட கடுதாசி. ஊத்துனது நான் இல்ல தொர."

"அப்ப யாரு?"

அவள் பையைக் கவிழ்த்தாள். நீலக் குப்பிகள் கடகடவென்று மேசையில் உருண்டன. ஏழு. ஏழும் கீழ் லயத்துக் காம்பராக்களிலிருந்து வாங்கி வந்தவை, திரி நாற்றத்தோடு. ஒன்று உருண்டுபோய்த் துரையின் முக்காலியடியில் நின்றது.

டாக்டர் ஒன்றை எடுத்து வாசித்தார். சத்தமாக வாசித்தார். பிறகு துணி சுற்றிய காலைப் பார்த்தார். "துரை, நீங்கள் இந்த மாத்திரையை எத்தனை நாளாப் பாவிக்கிறியள்?"

துரையின் முகம் அந்தச் சுவாலை நிறத்துக்கு வந்தது.

கதவுக்கு வெளியே முதலில் புரிந்துகொண்டவள் வடிவம்மா. "அடி ஆத்தே! இத்தன நாளா நாம கூழு காச்சுனது தொரையோட மூத்திரத்துலயா!" என்று அவள் போட்ட சத்தம் மேல் லயம்வரை கேட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் காறித் துப்பினார்கள். யாகப்பர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிறேஸ் உள்ளே வந்தாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு, தளும்பத் தளும்பப் பீலித் தண்ணீர். அதைத் துரையின் முன்னால் வைத்தாள்.

"நம்பர் ஒன் தண்ணின்னு பெரட்டுல சொன்னீங்க. குடிங்க தொர."

"எடுத்துட்டுப் போ."

"ஒரு வாய் குடிங்க. நீங்க குடிச்சிட்டா நான் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கிட்டு, இன்னைக்கே மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிர்றோம்."

துரை செம்பைத் தொடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர் தொடவே இல்லை.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீலியைக் கல்வைத்து அடைத்தார்கள். சித்திரைக்குள் மேலோடையிலிருந்து கீழ் லயத்துக்குக் குழாய் வந்தது. சீட்டைக் கிழித்துப் போடுகிற பெருந்தன்மை துரைக்கு இருக்கவில்லை. ஆனால் மாதம் முடிந்த மறுநாள் பெரட்டில் யாகப்பரின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவர் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். ஆய்வுகூடத்தில் ஐரினிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் கழிவுப் புத்தகத்தில் அந்தப் போத்தலின் பெயருக்கு நேரே, "ஊற்றப்படவில்லை. தேவைப்படவில்லை" என்று எழுதி, அதன் பிரதியையே விளக்கமாக அனுப்பிவிட்டாள்.

ஆனால் அன்றைக்குக் கந்தோரில் கிறேஸ் இன்னும் போகவில்லை. டாக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தபோது அவர் வழியை மறித்து நின்றாள்.

"பீலிய மூடுவீங்க, சந்தோசம். எம்புள்ள பேருக்கு நேரா அசுத்தம்னு எழுதியிருக்கே டாக்டரையா, அத என்ன செய்யப் போறீங்க?"

டாக்டர் அவளைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, டிஸ்பென்சரின் பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டிஸ்பென்சர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். டாக்டர் பேனாவால் நான்கு வரியையும் நீளமாக வெட்டி, மேலே வேறு எழுதிக் கையெழுத்திட்டார். கிறேஸுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் தங்கச்சியைப் பார்த்தாள்.

"படிடி. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படி."

ஐரின் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னலைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது. இங்கிலீசில் இருந்ததைத் தமிழாக்கி, வெளியே நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தாள். நாலாவது வரிக்கு வந்ததும் நிறுத்தி, அதை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"பெற்றீசியா, யாகப்பர் மகள், வயது ஒன்பது. காரணம்: பங்களாவின் கழிவு கலந்த தண்ணீர்."

கிறேஸ் செம்பை எடுத்தாள். வாசலுக்கு வந்து, அதிலிருந்த தண்ணீரைக் கந்தோர்ப் படியில் கவிழ்த்து ஊற்றினாள். பிறகு வெறுஞ்செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலோடைப் பாதையில் ஏறத் தொடங்கினாள்.